காலி வண்டி ஏன் குதிக்கிறது?

ஜொகூரின் செனாயில் பழைய பிக்கப் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இந்த வேடிக்கையைச் சொல்வார். காலையில் இருபது மூட்டை உரம் ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும்போது வண்டி நல்ல பிள்ளையாக அசைந்து போகும். மூட்டைகளை இறக்கிவிட்டு அதே பாதையில் திரும்பும்போது பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். பின்னால் கிடக்கும் ஜாக்கியும் சங்கிலியும் தாளம் போடும். ஓட்டுபவரின் இடுப்பு, வீடு வந்து சேர்வதற்குள் தன் வயதைச் சொல்லிவிடும். பாதை அதே பாதை, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். முதுகில் இருந்த ஒரு டன் மட்டும் இப்போது இல்லை.

இதற்குப் பட்டறை வாசலில் கிடைக்கும் வழக்கமான வைத்தியம், “பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டையை உருவிப் போடு” என்பது. ஒரு மதியத்தில் முடிகிற வேலை, செலவும் அதிகமில்லை. சில வண்டிகளுக்கு அது சரியான வைத்தியமும்கூட. ஆனால் பெரும்பாலான பழைய வண்டிகளில் முரட்டுத்தனம் வருவது பட்டைகளுக்கு இடையே இறுகிய துருவாலும், டயரில் அடைத்து வைத்த காற்றாலும், செத்துப்போன ரப்பர் புஷ்ஷாலும்தான். பட்டைகளின் எண்ணிக்கைக்கு அதில் பங்கு குறைவு. உருவுவது கடைசியில் யோசிக்க வேண்டிய வேலை. அதை முதலில் செய்துவிட்டு, “ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே, இன்னொன்றையும் எடு” என்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைப் பார்ப்போம். தமிழுக்கு இது புதிதல்ல. கட்டை வண்டி என்றும் வில்வண்டி என்றும் நம் முன்னோர் இரண்டாகப் பிரித்தார்களே, அந்த வில் இதுதான். கட்டை வண்டியில் அச்சின்மேல் நேராகப் பலகை; வில்வண்டியில் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள். பண்ணையாரும் மிராசுதாரும் ஏறிய வண்டி அது. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஏறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனது இந்திய வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி. அந்த வண்டியின் வில்லுக்கும், உங்கள் பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேலே சேறு அப்பிக் கிடக்கும் இரும்புக்கும் தத்துவத்தில் வேறுபாடு கிடையாது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் குதிரை வண்டிக்கு இத்தகைய வில்லைப் பொருத்திக் காப்புரிமை வாங்கியது 1804இல். டொயோட்டா தன் முதல் ஹைலக்ஸை 1968இல் வெளியிட்டபோதும் பின்னால் இருந்தது இதே பட்டை வில்தான்; இன்றைக்கு விற்கிற ஹைலக்ஸிலும் அதுவே. நிசான் 2014இல் நவாராவின் சில வகைகளுக்குச் சுருள் ஸ்பிரிங் போட்டது போன்ற விலக்குகள் உண்டு. ஆனாலும் சுமை வண்டி என்றால் பட்டை என்பதுதான் பொதுவழக்கு.

ஏன் இந்தப் பிடிவாதம்? பட்டை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. சுருள் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும். அச்சு முன்னே பின்னே, இடம் வலம் நகராமல் பிடித்துக்கொள்ள அதற்குத் தனியாகக் கம்பிகள் வேண்டும். பட்டையோ எடையையும் தாங்கி, அச்சையும் தன் இடத்தில் நிறுத்துகிறது. எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும்போது அந்தத் தள்ளுவிசை பட்டை வழியாகத்தான் வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகிறது. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்ப்பதைத் தடுப்பதும் பட்டைதான். வண்டிக்கு அது தசை மட்டுமல்ல, எலும்பும்கூட. மெத்தென்று ஆக்கப் போய் எலும்பை மெலியவிடக் கூடாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.

குனிந்து பார்த்தால் தெரிவது இது. எல்லாவற்றுக்கும் நீளமான மேல்பட்டை, இரு முனைகளிலும் சுருண்டு ஒரு ‘கண்’ஆக இருக்கும். அதுதான் மெயின் பட்டை. முன்கண் சட்டத்தில் நேராகப் பொருந்தியிருக்கும். பின்கண் ‘ஷேக்கிள்’ என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். வில் நிமிரும்போது நீளுமல்லவா, அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள். மெயினுக்கு அடியில் இரண்டாவது, மூன்றாவது என்று நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் கோத்திருக்கும். இரண்டு யு-போல்ட்டுகள் அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கும். பல பிக்கப்புகளில் எல்லாவற்றுக்கும் கீழே, கிட்டத்தட்ட வளைவே இல்லாமல், மற்றவற்றைவிடத் தடிப்பாக ஒன்றோ இரண்டோ இருக்கும். அது சுமைப் பட்டை. வண்டி காலியாக நிற்கும்போது அதன் முனைகள் மேலே உள்ள பட்டையைத் தொடாது. பாரம் ஏறி மற்றவை நிமிர்ந்த பிறகுதான் அது வேலைக்கு வரும்.

பட்டையை உருவுகிறவர்களில் பலர் கை வைப்பது இந்தச் சுமைப் பட்டையில்தான். பார்க்கத் தடிப்பாக இருக்கிறது, ஆகவே முரட்டுத்தனத்துக்கு இதுதான் குற்றவாளி என்று தோன்றிவிடுகிறது. ஆனால் காலி வண்டியில் அது எதையும் தொடவே இல்லையே! தொடாத பட்டையைக் கழற்றினால் காலியாக ஓட்டும்போது எந்த மாற்றமும் இருக்காது. பாரம் ஏற்றிய அன்றைக்குத்தான் அது போன இடம் தெரியும், பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். கழற்றிய பிறகு மென்மை கூடியதுபோல் தெரிந்தால், மற்ற பட்டைகள் தொய்ந்துபோய் அந்தச் சுமைப் பட்டையின்மேல் ஏற்கெனவே படுத்திருந்தன என்று பொருள். அப்படியானால் கவனிக்க வேண்டியது தொய்வை.

இப்போது கொஞ்சம் கணக்கு. பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு பாதி ஆகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். நீளத்துக்கும் இதே மும்மடிக் கணக்குதான், ஆனால் தலைகீழாக: நீளம் கூடினால் விறைப்பு அதே வேகத்தில் குறையும். எண்ணிக்கை மட்டும் நேர்க்கணக்கு. ஒரே மாதிரி ஐந்து பட்டைகளில் ஒன்றை எடுத்தால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போகும், அவ்வளவே.

வண்டி எவ்வளவு வேகமாகக் குதிக்கும் என்பது இன்னொரு எளிய கணக்கு. ஸ்பிரிங், தன்மேல் ஏறிய எடைக்கு எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். எளிதாக இருக்கட்டும் என்று நாமே எண்களை எடுத்துக்கொள்வோம். காலியாக நிற்கும்போது ஒரு பக்கத்து ஸ்பிரிங்மேல் 160 கிலோ, அதற்கு அது 4 சென்டிமீட்டர் அமுங்குகிறது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஆக நொடிக்கு இரண்டரை ஆட்டம். பாரம் ஏற்றியபின் 640 கிலோ, 16 சென்டிமீட்டர் அமுக்கம், நொடிக்கு ஒன்றேகால் ஆட்டம். நாம் சொகுசு என்று சொல்லும் கார்கள் ஆடுவது நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வரையில்தான். காலையில் உர மூட்டையோடு போன வண்டி ஏன் கார் மாதிரி இருந்தது என்பதற்கு விடை இதுவே. பிக்கப்பின் பட்டையை வடிவமைத்தவர் பாரத்தோடு நன்றாக ஓடும்படி செய்திருக்கிறார். காலி வண்டியின் துள்ளலில் ஒரு பகுதி பிழை அல்ல, அந்த வண்டியின் இயல்பு.

அதே எண்களில் ஒரு பட்டையை உருவிப் பார்ப்போம். ஐந்து நான்காகிறது. காலி வண்டியின் அமுக்கம் 4இலிருந்து 5 சென்டிமீட்டர் ஆகிறது. ஆட்டம் நொடிக்கு 2.5இலிருந்து 2.24க்கு இறங்குகிறது. பத்தில் ஒரு பங்குதான் லாபம். பாரம் ஏற்றினாலோ 16 சென்டிமீட்டர் 20 ஆகிவிடுகிறது. பின்பக்கம் 4 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்கிறது. மிச்சமிருக்கும் நான்கு பட்டைகள் ஒவ்வொன்றும் முன்பைவிடக் கால் பங்கு அதிகம் சுமக்கின்றன. வாங்கியது பத்தில் ஒன்று, கொடுத்தது நான்கில் ஒன்று. இந்தப் பேரத்தைத் தெரிந்து செய்கிறவர்கள் செய்யலாம். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

சரி, அந்த இரண்டரை ஆட்டமாவது உண்மையில் கிடைக்கிறதா? ஸ்பிரிங் அசைந்தால்தான் கிடைக்கும். பழைய வண்டியின் முக்கியமான கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வில் நிமிரும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். புதிதில் வழுக்கும். ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. தோட்டத்துச் செம்மண் சேறு பட்டைகளின் இடுக்கில் புகுந்து காயும். மறுபடி நனையும், துருப் பிடிக்கும், துரு உப்பிக்கொண்டு பட்டைகளை ஒன்றோடொன்று இறுக்கும். பத்து, பதினைந்து வருடம் இப்படிப் போனால் ஐந்து பட்டைகளும் சேர்ந்து ஒரே கட்டையாகிவிடும். தடிப்புக்கு மும்மடிக் கணக்கு என்றோமே, அது நினைவிருக்கட்டும். ஒட்டிக்கொண்ட பட்டைகள், சின்னக் குலுக்கல்களுக்கு ஐந்து மெல்லிய வில்லாக நடந்துகொள்ளாமல் ஒரு தடித்த கட்டையாக நடந்துகொள்கின்றன. பெரிய பள்ளம் வந்தால் உராய்வை மீறிக்கொண்டு அசையும். தார்ச்சாலையின் சின்ன ஒட்டுகளுக்கு அசையவே அசையாது. அப்போது வண்டியின் பின்பக்கம் நிற்பது டயரின் காற்றின்மேல் மட்டும்தான். டயர்மேல் துள்ளும் வண்டி நொடிக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் ஆடும். அப்சோர்பர் அந்த ஆட்டத்தில் கலந்துகொள்ளவே முடியாது, ஏனென்றால் அதுவும் ஸ்பிரிங் அசைந்தால்தான் அசையும். மேலும் கீழுமான அதிர்ச்சியில் மனித உடல் அதிகம் வேதனைப்படுவது நொடிக்கு நான்கிலிருந்து எட்டு வரையிலான ஆட்டத்தில். கட்டையாகிப்போன ஸ்பிரிங் நம்மை அந்த எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. இடுப்பு வலி கற்பனை அல்ல.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஒரு டேப் போதும். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். பின் பம்பரில் ஏறி மெதுவாக அழுத்தி, மெதுவாகவே இறங்குங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேராகப் பம்பரைத் தூக்கி, மெதுவாக விட்டுவிட்டு மறுபடி அளக்கவும். உராய்வே இல்லாத ஸ்பிரிங் என்றால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும். ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தால், பட்டைகளோ புஷ்ஷோ ஷேக்கிளோ எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பட்டையை உருவுவது, ரத்த அழுத்தம் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி.

பட்டை வேலைக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில், காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டயர் காற்று. ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காலி வண்டிக்கு ஓர் அளவும் பாரத்துக்கு ஓர் அளவும் இருக்கும். பாரத்துக்கான அளவை அடைத்துவிட்டு மாதக்கணக்கில் காலியாக ஓட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். டயரின் விறைப்பு காற்றழுத்தத்தோடு கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் ஏறும். 60 பிஎஸ்ஐ அடைத்த டயர், 35இல் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் முரடு. பெட்ரோல் நிலையத்துக் காற்று மெஷினில் எண்ணை மாற்றி அழுத்தினால் போதும். இதற்காக ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கீழே போகவும் வேண்டாம். டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். பாரம் ஏற்றுகிற அன்று காலையில் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே தொல்லை. அந்தச் சோம்பலுக்குத்தான் நாம் இடுப்பால் விலை கொடுக்கிறோம்.

அடுத்து, வண்டி எப்படி முரடாக இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு மேட்டில் ஏறியதும் ஒரே அடியாக ‘டங்’ என்று முதுகில் அடித்தால் அது ஒரு கதை. ஏறி இறங்கிய பிறகும் மூன்று நான்கு தடவை ஊஞ்சலாடினால் வேறு கதை. ஊஞ்சல் என்றால் அப்சோர்பரின் ஆயுள் முடிந்துவிட்டது. பட்டையைத் தொட வேண்டாம். ‘டங்’ என்று ரப்பர் கட்டையில் மோதும் சத்தம் என்றால் ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம். தொய்ந்த ஸ்பிரிங்கும் முரடாகத்தான் இருக்கும். வளைவு போய் நேராகிவிட்ட பட்டைக்கு மேலே ஏற இடமில்லை, கொஞ்சம் அசைந்தாலே அச்சு ‘பம்ப் ஸ்டாப்’ என்ற அந்த ரப்பர் கட்டையில் முட்டிக்கொள்கிறது. ஓட்டுபவர் “ஸ்பிரிங் ரொம்ப டைட்” என்று நினைத்து ஒரு பட்டையை எடுக்கிறார். இன்னும் தாழ்கிறது, இன்னும் முட்டுகிறது. அந்த வண்டி கேட்பது புதிய செட்டை. பழைய பட்டையைச் சம்மட்டியால் தட்டி வளைவு ஏற்றித் தருவதும் உண்டுதான். குளிர்ந்த நிலையில் தட்டியது சில மாதத்தில் மறுபடி தொய்யும். சூடாக்கித் தட்டினால், முறையாகக் குளிரவைத்துப் பதம் ஏற்றினாலொழிய எஃகின் ஸ்பிரிங் குணமே போய்விடும். கேஸ் வெல்டிங் நெருப்பு பட்டையில் படவே கூடாது. பட்ட இடத்திலிருந்து ஒரு நாள் முறியும்.

சோதனையில் உராய்வுதான் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது பட்டை செட்டை இறக்கிச் சுத்தம் செய்வது. நாம் பொறுமையாகப் பேச விரும்புவது இந்த வேலையைப் பற்றி. வண்டியைச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கக் கூடாது. சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் செட்டின் நடுவில் பலமான கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். வேறு வேறு வளைவுள்ள பட்டைகளை இழுத்துக் கட்டியிருப்பது அந்த ஒரு போல்ட்தான், திடீரென்று அவிழ்த்தால் பட்டைகள் எகிறும். கிளாம்ப்பை மெதுவாகத் தளர்த்தி ஒவ்வொன்றாகப் பிரித்ததும், சாக்பீஸால் இடது, வலது, ஒன்று, இரண்டு என்று எழுதி வைக்கவும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுக்கும்போது, ஒவ்வொரு பட்டையின் முனையும் மேல்பட்டையில் தோண்டியிருக்கும் பள்ளத்தைக் கவனியுங்கள். அந்தப் பள்ளத்தில்தான் முனை மாட்டிக்கொண்டு வழுக்க மறுக்கிறது. கூர்முனையை அரத்தால் உருட்டிவிட்டாலே பாதிச் சத்தம் அடங்கும். மெல்லிய வெடிப்பு தெரிகிற பட்டை திரும்பப் போகக் கூடாது.

பிறகு பெயிண்ட் ஒரு பூச்சு, காய்ந்ததும் கிராஃபைட் கலந்த கிரீஸ் மெல்லியதாக. சில செட்டுகளில் பட்டை முனைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அட்டை இருக்கும். அவற்றுக்குக் கிரீஸ் வேண்டாம், தேய்ந்திருந்தால் அட்டையை மட்டும் மாற்றலாம். பழைய எஞ்சின் ஆயிலை மேலிருந்து ஊற்றிவிடும் பழக்கம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. இரண்டு நாள் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும். அதன்பின் செம்மண் தூசி அந்த எண்ணெயில் ஒட்டிச் சாணைக்கல் பசை ஆகும். எண்ணெய் வழிந்து ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக் டிரம் பக்கம் போனால் இன்னும் மோசம். வேண்டாம்.

புஷ்ஷைப் பற்றி இரண்டு சொல். கண்ணுக்குள்ளும் ஷேக்கிளிலும் இருக்கும் ரப்பர், பட்டை அசையும்போது முறுக்கிக்கொடுக்க வேண்டியது. ரப்பர் செத்து, உள்ளே போல்ட் துருவேறி ஒட்டிக்கொண்டால் எத்தனை பட்டை எடுத்தாலும் பயனில்லை. மாற்றும்போது கெட்டியான பாலியுரேத்தேன் புஷ்ஷை ‘நீண்டநாள் உழைக்கும்’ என்று சொல்லி விற்பார்கள். உழைக்கும், ஆனால் மென்மை வேண்டும் என்று வந்தவருக்கு ரப்பரே நல்லது. பலர் தவறவிடுகிற ஒரு நுணுக்கமும் இருக்கிறது: புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகே. அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி கீழே வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அது தானே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காகி முரட்டுத்தனத்தைக் கூட்டும், சீக்கிரம் கிழியவும் செய்யும். “எல்லாம் புதுசு போட்டேன், இன்னும் டைட்டாகவே இருக்கு” என்பவர்கள் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் வைத்து மறுபடி இறுக்கிப் பார்க்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் ஓட்டிப் பாருங்கள். நிறையப் பேருக்குத் தேடிய மென்மை இங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வண்டி இனிமேல் பாரம் சுமக்குமா?

சுமக்காது, வாரக் கடைசியில் ஸ்கூடாய்க்கும் கூலாய்க்கும் போய்வர மட்டும்தான், பின்னால் மிஞ்சிப்போனால் இரண்டு மிதிவண்டியும் ஒரு மீன்பெட்டியும் என்றால், ஒரு பட்டையை எடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. மெயினையும், அதன் கண்ணைப் பாதி சுற்றி அணைத்திருக்கும் இரண்டாவது பட்டையையும் தொடக் கூடாது. மெயின் முறிந்தால் அச்சைப் பிடித்து வைப்பது அந்த இரண்டாவதுதான். எடுக்க வேண்டியது நடுவில் உள்ள ஒன்று, மூன்றாவதோ நான்காவதோ. இரண்டு பக்கமும் ஒரே பட்டையாக இருக்க வேண்டும். செட்டின் தடிப்பு குறைவதால் யு-போல்ட்டின் மரை கீழே வரை ஓடுகிறதா என்று பார்க்கவும். பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குவது நல்லது. எடுத்தபின் கிளட்சை விட்டுக் கிளம்பும்போது பின்னால் ஒரு துடிப்பு வந்தால், பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். எலும்பு மெலிந்துவிட்டது, திரும்பப் போட்டுவிடுங்கள்.

பிரேக் விஷயம் ஒன்று இருக்கிறது, பேசுபவர் குறைவு. பழைய ஹைலக்ஸ் உட்படப் பல பிக்கப்புகளில் சட்டத்திலிருந்து பின் அச்சுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அதன் மேல்முனையில் ஒரு பிரேக் வால்வு. சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துத்தான் அந்த வால்வு வண்டியில் பாரம் இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கிறது. தூரம் குறைந்தால் “பாரம் ஏறியிருக்கிறது” என்று எண்ணிப் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டை எடுத்துப் பின்பக்கம் தாழ்ந்த காலி வண்டியிலும் அது அப்படியே எண்ணும். அதனால் ஈரச்சாலையில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். எதிர்ப்பக்கமும் உண்டு. நீளமான ஷேக்கிள் போட்டோ பட்டை கூட்டியோ பின்னால் உயர்த்தியவர்களின் வால்வு, ஒரு டன் ஏற்றிய பிறகும் “காலி வண்டிதான்” என்று நம்பிப் பின்பிரேக்கை அடக்கி வைக்கும். உயரம் மாறினால் அந்தக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். வண்டியின் கையேட்டில் அளவு இருக்கும். முன்விளக்கையும் இறக்கி வைக்கவும். பின்னால் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும்.

வண்டி இன்னும் பாரம் சுமக்கிறது என்றால் பட்டையில் கை வைக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. கதவில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறதே, ‘பெராத் தன்பா முவாத்தான்’, ‘பெராத் டெங்கான் முவாத்தான்’ என்று, வெற்று எடையும் பாரத்தோடு எடையும், அந்த இரண்டாவது எண் இருக்கிற பட்டைகளை எண்ணித்தான் எழுதப்பட்டது. பட்டையைக் குறைத்துவிட்டு அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு சுமை ஏற்றுவது பொய்க் கணக்கு. கட்டமைப்பைத் தொடும் மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவை. சரக்கு வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போகின்றன. அங்கே பிரேக்கையும் பார்ப்பார்கள், அடியிலும் குனிந்து பார்ப்பார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்வது மலிவு.

இரண்டும் வேண்டும், காலியாகவும் மெத்தென்று இருக்க வேண்டும், ஒரு டன்னும் ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பட்டை எண்ணிக்கை குறைவாக, ஆனால் ஒவ்வொன்றும் நடுவில் தடித்து முனைக்குப் போகப் போக மெலியும் பராபாலிக் செட்டுகள் கிடைக்கின்றன. அவற்றின் பட்டைகள் ஒன்றையொன்று முனையிலும் நடுவிலும் மட்டுமே தொடுவதால் துருவுக்கும் உராய்வுக்கும் இடம் குறைவு. இன்னொன்று, மென்மையான பட்டையோடு சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே காற்றுப் பை. காலியாக இருக்கும்போது காற்றைக் குறைத்து, ஏற்றும்போது அடைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சில நூறு வெள்ளியிலிருந்து ஆயிரங்கள் வரை ஆகும். காற்றுப் பை வண்டியின் உயரத்தை நிமிர்த்துமே ஒழிய, கதவில் எழுதிய எடையை ஒரு கிலோகூடக் கூட்டாது. பட்டையின் இரண்டு முனைகள் வழியாகச் சட்டத்துக்குப் போக வேண்டிய பாரத்தை அது நடுவில் ஒரே இடத்தில் இறக்குகிறது என்பதால் பழைய, துருவேறிய சட்டத்துக்கு நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். மணல் மூட்டை நான்கைப் பின்னால் நிரந்தரமாகப் போட்டு ஓட்டுகிற பழைய தந்திரமும் ஒன்று இருக்கிறது. மேலே போட்ட கணக்குப்படி அது வேலை செய்யும்தான். எண்ணெய்ச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் யு-போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். பெயிண்டும் துருவும் நசுங்கிப் போல்ட் தளர்ந்திருக்கும். டேப்பை எடுத்து அதே இரண்டு அளவுகளையும் மறுபடி எடுத்துக் குறித்து வைத்தால் அடுத்த வருடம் ஒப்பிட உதவும். கழற்றிய பட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம். எண்ணெய் தடவி, ‘இடது, மூன்று’ என்று எழுதி வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். வண்டியை வாங்க வருகிறவர் அதில் உரம் ஏற்றுகிறவராக இருக்கலாம்.